பதின்மூன்றாம் கட்டிலின் நீர்க்கணக்கு

ஏழு மாதம் கழித்துப் படிவம் வந்தது,
கல்முனை ஆஸ்பத்திரியின் பழைய கோப்புகளைத் தூசு தட்டி
யார் யாருக்குச் சிறுநீரகம் நின்றது, எதனால் நின்றது
என்று பெட்டிகளில் புள்ளடி இடச் சொல்லி.

வயது அறுபதுக்கு மேல்: ஆம்.
ஆண்: ஆம்.
சீனி வருத்தம்: ஆம், பதினாறு வருசம்.
பிறசர்: ஆம். குளிசை இருந்தது, ஒழுங்கு இருக்கவில்லை.
வலிக்குளிசை?
பேனை நின்றது.
காய்ச்சல் உளைவுக்கென்று பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கி
ஐந்து நாள் போட்டாராம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு.
வாட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் மிச்சம் ஒன்று
வெள்ளித்தாளோடு இருந்தது.
ஆம்.

பெயரைப் படிவம் கேட்கவில்லை.
ஆதம்பாவா. நிந்தவூர். வட்டவிதானை.
எந்த வாய்க்கால் எந்த நாள் திறப்பதென்று
முந்நூறு ஏக்கருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிசன்
முகத்தில் ஒக்சிசனோடு சாய்ந்திருந்து
நான் பையை அளப்பதையே பார்த்திருந்தார்.
நாற்பது.
அடுத்த மணி இருபத்தைந்து.
விடியச் சாமம் பதினொன்று, சாயத் தண்ணி நிறத்தில்.

"என்ன மிஸ், வடிச்சல் காணாதா?"
"காணாது ஐயா."
"மதகில தண்ணி எறங்கினா
மொதல்ல காயிறது கடைக்காணிதான்."
டொக்டரும் அதைத்தான் சொன்னார்,
அவர் அதற்கு இரத்த அழுத்தம் என்றார்.

பை போடுவதற்கு முந்திய இரண்டு நாள் தாளைப் புரட்டுகிறேன்.
குடித்தது: இருநூறு மில்லி. மறுநாள் நூற்றைம்பது.
என் கையெழுத்துத்தான்.
தலைமாட்டில் ஒன்றரை லீற்றர்ப் போத்தல்
மூடி முறியாமல் நின்றது.
மூன்றாம் நாள்தான் ஏனென்று கேட்டேன்.
சுவரைப் பார்த்துச் சொன்னார்,
நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கி:
"கக்கூசு அந்தத் தொங்கல்ல. இதைக் கழட்டிப்போட்டு
நடந்தா கண் இருளுது.
ஏனத்தைக் கொண்டா எண்டு
எண்ட மகள்ர வயசுப் புள்ளைக்கிட்ட
எப்பிடிக் கேக்கிற?"

நீரிழப்பு என்றொரு பெட்டி இருக்கிறது.
ஆம் என்று போட்டேன்.
ஏன் என்று எழுத அதற்குள் அகலம் போதாது.

நானும் அன்று குடித்திருக்கவில்லை.
பொலித்தீன் அங்கிக்குள் எட்டு மணித்தியாலம்,
கழற்றினால் மாற்றுவதற்கு இன்னொன்று கிடையாது.
கடமை நாளில் நானும் சிவரஞ்சிதமும்
விடியவே தேத்தண்ணியை விட்டுவிடுவோம்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட
"கட்டாயம் தண்ணி குடிக்க வேணும்" என்று
அவருக்குப் புத்தி சொன்னேன்.
முகக்கவசத்துக்குள் என் குரல்
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கிரியட்டினின் ஆறு தசம் நாலு.
மட்டக்களப்புக்கு, மெசினுக்கு அனுப்பச் சொன்னார்கள்.
தள்ளுவண்டியில் ஏற்றும்போது கையைப் பிடித்தார்.
பயத்தில் என்று நினைத்தேன்.
"மூணாம் வாய்க்கால் சனிக்கிழம தொறக்கோணும்,
மகனுக்குச் சொல்லுங்க. வேளாண்மை கதிர் பறியிற நேரம்."

முடிவு: குணமடைந்தார், இறந்தார், தெரியாது.
மாற்றி அனுப்பியவர்களுக்குத் தெரியாது என்றே போடச் சொல்லியிருந்தது.
போட்டேன்.

தாளை மூடப்போய்ப் பின்பக்கம் பார்த்தால்
கையுறை வழுக்கிய எழுத்தில்
ஒரு தொலைபேசி இலக்கம்,
மூன்றாம் வாய்க்கால், சனி.
அந்த இலக்கத்துக்கு எடுத்தேனா, இல்லையா?
எவ்வளவு யோசித்தும் நினைவில் வரவில்லை.