புதன்கிழமைக்கு ஓர் அட்டவணை

நுக்ஸார் புதன்கிழமை காலை வருகிறான்,
பத்தூமித் துறைமுகத்திலிருந்து ரயிலில்.
அன்றிரவே திரும்ப வேண்டுமாம்.
கப்பலில் இருபத்தேழு பேருக்கு
வியாழன் காலைக் கஞ்சி அவன் பொறுப்பு.
"பழைய நகரத்தைப் பாக்கணும் அக்கா. ஒரு நாள்தான் இருக்கு."
ஏழு வருடத்தில் அவன் அனுப்பிய மூன்றாவது செய்தி.

திபிலிசியில்தான் பிறந்தோம் இருவரும்.
ஆனால் க்ல்தானியில், ஒன்பதாவது மாடியில்.
பழைய நகரம் என்பது எங்களுக்கு
மெட்ரோவில் பதினோரு நிலையம் தள்ளியிருந்த
வெளிநாடு.

எரிவாயு ரசீதின் பின்பக்கம் கோடு கிழித்தேன்.
நான் பேருந்து ஓட்டுகிறவள்.
ஊரை எனக்கு நிமிடங்களாகத்தான் தெரியும்.

9.10 அவ்லாபரி.
9.25 மெத்தேக்கிக் குன்று. குதிரைமேல் அரசன்,
கீழே பால் குறைந்த காப்பி நிறத்தில் ஆறு. ஒரு படம் போதும்.
10.00 கம்பியில் தொங்கும் பெட்டியேறிக் கோட்டைக்கு.
(அவனுக்கு உயரம் ஆகாது. கப்பல்காரன், சொன்னால் சிரிப்பார்கள்.
அடித்துவிட்டேன். நடந்தே ஏறலாம்.)
11.15 அருவி.
11.40 கந்தகக் குளியல். அவன் ஆண்கள் பக்கம்,
நான் பெண்கள் பக்கம், நடுவில் செங்கல் சுவர்.
ஒரு மணி நேரம் ஒன்றும் பேச வேண்டாம்.
1.00 சாப்பாடு. சத்தம் அதிகமுள்ள கடையாக.
2.00 சாய்ந்த மணிக்கூண்டு. தேவதை வந்து மணியடிக்கும்.

இப்படி இரவு ஏழுவரை அடைத்தேன்,
ஒரு மௌனம்கூட உட்கார இடமில்லாமல்.

திங்களன்று வேலை முடிந்து, சீருடையோடு,
ஒத்திகை பார்க்கப் போனேன்.
புதுத் தடத்தில் முதலில் வெறும் வண்டியைத்தானே ஓட்டிப் பார்ப்போம்.

காகிதத்தில் பத்து நிமிடம் என்று போட்டிருந்த
பெத்லெமிப் படிக்கட்டு
இருபத்தைந்து நிமிடம் தின்றது.
அவனுடைய இடது முழங்காலையும் சேர்த்துக் கணக்கிட
நொண்டிக்கொண்டே ஏறினேன்.
செதுக்கிய மரப் பால்கனிகள் சில
இரும்புத் தூண் முட்டுக் கொடுத்து நின்றன.
ஒன்றில் போர்வை உதறிய பெண் கேட்டாள்:
"வழி தப்பிட்டியா? காலில் அடியா?"
"ரெண்டும் இல்ல. ஒத்திகை."
"எதுக்கு?"
சண்டைக்கு என்று சொல்ல வாய் வந்தது.
விருந்தாளிக்கு என்றேன்.

அப்பாவின் தகரக் கராஜை என்னைக் கேட்காமல் விற்றான்.
அடக்கம் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில்,
எல்லார் முன்னாலும்,
அவனைத் திருடன் என்றேன்.
கடனுக்குத்தான் விற்றான் என்பது
அடுத்த வாரமே தெரிந்தது எனக்கு.
அதை அவனிடம் சொல்ல
ஏழு வருடமாக நேரம் அமையவில்லை.

மணிக்கூண்டடியில் ஐந்து மணிவரை நின்றேன்.
கதவு திறந்தது. தேவதை சுத்தியலோடு வந்தது,
அடித்தது, உள்ளே போய்விட்டது.
சுற்றிலும் கைபேசி தூக்கி நின்றவர்கள்
இவ்வளவுதானா என்று கலைந்தார்கள்.
எனக்குப் பிடித்திருந்தது.
வந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

வீட்டுக்கு வந்து ரசீதை விரித்தேன்.
அருவியை எடுத்தேன். குளியலை எடுத்தேன்.
இரண்டு தேவாலயங்களை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்தேன்.
சத்தமுள்ள கடையை அடித்து, எதிரிலிருக்கும்
ஈயாடும் கடையை எழுதினேன்.

கடைசியில் மிஞ்சியது ஒரு பெரிய ஓட்டை:
2.05 முதல் 4.10 வரை.
எங்கள் அட்டவணையிலும் இப்படி வரும்,
கடைசி நிறுத்தத்தில்.
இறங்கலாம். எஞ்சினை அணைக்கலாம்.
கதவைத் திறந்தே வைக்கலாம்.

அங்கே எழுதினேன்: காத்திருப்பு.