பச்சைத் திரை

தோ பாயோவில் மூடிவிட்ட கிளினிக்கின் திரை.
பதினெட்டு வெள்ளிக்குத் தந்தார்கள்.

ஒன்பது வயதில் இதன் பின்னால் படுத்திருந்தேன்.
"எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டது என்னை.
"சாப்பாடு சேரல" என்றது அம்மா.
வெளியே, கார்ச் சாவியைச் சுழற்றியபடி
சித்தப்பா.

வெள்ளை மாத்திரை, மூன்று வேளை.

முப்பதில் வேறொரு டாக்டர்
கையுறை மாட்டிக்கொண்டே "ரிலாக்ஸ்" என்றார்.
கால்கள் கேட்கவில்லை.
ஒத்துழைப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்.

அம்மா சொல்லாத பதிலை
அதே பச்சை நூலில் தைத்திருக்கிறேன்.
மூக்கு உரசும் தூரத்தில்தான் எழுத்து தெரியும்.

கண்காட்சி மூடும் நேரம்.
உள்ளே ஆளில்லையே என்று பார்க்கப் போன
பாதுகாவலர் மரகதவல்லி
இன்னும் திரைக்குப் பின்னால்தான்.
கீழே கறுப்புக் காலணிகள், அசைவில்லாமல்.
வாக்கி டாக்கி
இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது.