நுரைத்த இடம்

குச்சவெளி தாண்டிக் கிறவல் றோட்டில்
ஓட்டோ நின்றுவிட்டது.
இதுக்கு மேல ஏறாது, என்றான் நிவேதன்.
மீற்றரைப் பார்க்காமலே ஒரு தொகை சொன்னான்.

மலை என்கிறார்கள்.
எனக்கு அது படுத்த எருமையின் முதுகளவு.
வீரைப் பற்றை, ஆட்டுப் புழுக்கை,
முட்கம்பி அறுந்து தொங்கிய ஓரிடத்தில்
குனிந்து நுழைந்து ஏறினோம்.
எங்க அது, என்று கேட்டேன்.
"மிதிச்சுக்கொண்டு நிக்கிறீங்க"
என்றார் சபுறுத்தீன்.

காலடியில் வெள்ளை.
ஒரு முழ அகலத்தில் சிப்பிச் சுண்ணாம்பு
வளைந்து போய்ப் புல்லுக்குள் இறங்கிற்று.
கழுத்தோ, வாலோ.
இவ்வளவு கிட்ட வந்தவளிடம்
அது எதையும் காட்டுவதாக இல்லை.

கந்தோருக்கு வந்த மூன்று கடிதங்களில்
அது குதிரை, சிங்கம், நந்தி.
நான் வரைபடத்தில் குறிக்க வந்தவள்.
எனக்கு ஒரு சொல் வேணும், அவ்வளவுதான்.
சபுறுத்தீனுக்கு அது மிருகமே இல்லை:
"தலை தெரிஞ்சா சோத்துக்கைப் பக்கம் திருப்பணும்.
வால் தெரிஞ்சா பிந்திட்டம்.
அடியில பார் கிடக்கு."

பத்தொன்பது வருசம் ஒருவரும் ஏறவில்லையாம்.
கீழே சென்றி. மேலே கண்ணிவெடி.
மாரி மழை மண் கொண்டுவந்து போர்த்தியது,
மண்ணில் இலுக்கு முளைத்தது,
இலுக்கை ஆடு தின்றது.
வெடி எடுத்துத் தீர்ந்த மாசம்
இரண்டு ஊர்க்காரரும் சுண்ணாம்பு வாளிகளோடு வந்தார்கள்,
வந்து
நின்றார்கள்.
எந்த இடம், எத்தனை கால்?
மூன்று என்றார் ஒருவர்.
மூண்டு காலில என்ன மிருகம் என்று சண்டைக்கு வந்த எமில்டாதான்
மத்தியானக் கறிக்கு மடியில் வைத்திருந்த தேசிக்காயை
இரண்டாக வெட்டி
மண்ணில் பிழிந்தாளாம்.
ஒன்றுமில்லை.
ஓரடி தள்ளிப் பிழிந்தாள்.
மண் சீறியது.

நுரைத்த இடமெல்லாம் அது.

அன்றைக்குச் சந்தையில் தேசிக்காய் முடிந்துபோனது.
பிழிந்து குச்சி நட்டு, பிழிந்து குச்சி நட்டு,
பொழுது படுமட்டும்.
விரலிடுக்கெல்லாம் எரிஞ்சது, என்று
எட்டு வருசம் கழித்தும் கையை விரித்துக் காட்டுகிறார்.
நாலாவது காலுக்கு எவ்வளவோ பிழிந்தார்களாம்,
எமில்டா விடாமல்.
மண் நுரைக்கவில்லை.

பிறகு அவருடைய தோணியில் கொஞ்சம் வெளியே போனோம்.
எஞ்சினை நிறுத்தி, இப்ப பாருங்க, என்றார்.
அலை என்னைத் தூக்கியபோது கொஞ்சம்,
இறக்கியபோது கொஞ்சம்.
பார்த்து முடியுமுன் பார் வந்துவிட்டது,
அவர் சோத்துக்கைப் பக்கம் திருப்பினார்.

நிவேதன் காத்திருக்கவில்லை.
திருகோணமலை பஸ்ஸில் கொண்டக்டர்
என் செருப்பைப் பார்த்து
பெயின்ற் வேலையா, மிஸ், என்றான்.
நிலாவெளி மட்டும் முழங்காலில் படிவத்தை விரித்து வைத்திருந்தேன்.
உருவம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
கால்கள் என்றொரு கட்டம் அதில் இல்லை.
ஓரத்தில், பஸ் குலுக்கிய எழுத்தில்,
மூன்று
என்று எழுதினேன்.