இவனல்ல

அட்டையில் முதலில் பெயரைத்தான் பார்த்தேன்.
எனேபிஷ். வயது எட்டு.
எங்கள் மங்கோலிய மொழியில் 'இவனல்ல' என்று பொருள்.
முன்னே பிறந்த இரண்டும் தங்காத வீட்டில்
மூன்றாவதற்கு இப்படிப் பெயரிடுவார்கள்.
தேடி வருவது வாசலில் நின்று கேட்டால்
பெயரே பதில் சொல்லி அனுப்பிவிடும்.

குதிரைக்கு அதெல்லாம் தெரியாது.
மார்ச் மாதப் பந்தயம், பதினான்கு கிலோமீட்டர்,
கடைசி வளைவில் பனிக்கட்டி.
குதிரை வந்து சேர்ந்தது
ஐந்தாவதாக,
மேலே யாருமின்றி.

உலான்பாத்தர், நான்காம் மாடி.
மண்டையோட்டில் ஒரு துளை, அதில் ஒரு கம்பி,
உள்ளே ஏறும் அழுத்தத்தை எண்ணாகச் சொல்ல.
உடம்புக்கடியில் குளிர்நீர் ஓடும் மெத்தை.
முப்பத்துமூன்று டிகிரி, நாற்பத்தெட்டு மணி நேரம்.
இரவுக்கு என் பொறுப்பில் விட்டுப்போனது
அவனை என்பதைவிட அந்த எண்ணை.
நடுங்கினால் சூடேறிவிடும் என்று
நடுங்காமலிருக்கவும் ஒரு மருந்து
சொட்டிக்கொண்டிருந்தது.

ஹந்த்சுரேன், அவன் அம்மா,
ஆட்டுத்தோல் அங்கியோடு வந்தாள், போர்த்த.
தடுத்தேன்.
மூன்று குளிர்காலத்துக்கு முன்
நின்ற வாக்கில் உறைந்த இருநூறு ஆடுகளை
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியவள்.
ஈரத்தோடு விழுந்த குட்டியை
அடுப்பருகே தேய்த்துத் தேய்த்து
மூச்சை வரவழைக்கத் தெரிந்த கை.
அவளிடம் போய்ச் சொல்கிறேன்,
குளிர்தான் மருந்து என்று.

யார் சொன்னது, என்றாள்.

டாக்டர் லுவ்சான் என்னிடம் சொன்னது வேறு.
சிலருக்கு உதவியிருக்கலாம்,
ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை,
வேறெதற்கும் அழுத்தம் அடங்கவில்லை,
அதனால்.
அந்த 'அதனால்' என் வாய்க்குள்ளேயே இருந்தது.
குளிர்ந்த மூளை கொஞ்சமாகத் தின்னும்,
கொஞ்சமாக ஆசைப்படும் என்றேன்.
தை மாதக் குதிரை மாதிரி, என்றாள் அவளே.
அசையாமல் நிற்கும். செத்ததென்று நினைப்போம்.

பிறகு கேட்டாள், தொடலாமா?

உங்கள் கை சூடாக இருக்குமே,
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.
அபத்தம். ஒரு கையில் என்ன ஏறிவிடும்?
திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள்
எழுந்து போய்விட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில்
மைனஸ் பத்தொன்பதில்
கையுறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நின்றாள்.
நிலக்கரிப் புகை. ஒரு டாக்சிக்காரன்
கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டான்.
அவள் திரும்பவில்லை.

சிவந்து, விரல் மடங்காத கைகளோடு வந்தாள்.
இந்தக் கை சரியா?
சரி, என்றேன்.
அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.
திரையில் 33.0.

அன்றிரவு இன்னும் நான்கு முறை இறங்கிப்போனாள்.
மூன்றாம் முறை வழிமறித்து
வேண்டாம், அப்படியே தொடலாம் என்றேன்.
நீ உன் வேலையைப் பார், என்றாள்.
என் வேலை எது, அவள் வேலை எது என்று
எனக்கே சற்றுக் குழம்பியிருந்தது.

இது மூன்றாம் இரவு.
மணிக்குக் கால் டிகிரி ஏற்றுகிறோம்.
இறக்குவதைவிட ஏற்றுவதில்தான் பயம் அதிகம்;
அவசரப்பட்டால் அழுத்தம் துள்ளும்.
34.25, அழுத்தம் பதினெட்டு.
34.5, இருபத்தொன்று. மெத்தையை நிறுத்திவைத்தேன்.
பத்தொன்பது.
பிறகு மறுபடி.
டார்ச் வெளிச்சத்துக்கு இடது பாவை சுருங்கியது,
அல்லது சுருங்க வேண்டுமென நான் பார்த்தேன்.
ஐயம் என்றே குறித்திருக்கிறேன்.

அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள்.
இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகி
திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்,
கொஞ்சம் கொஞ்சமாக, அவனுக்கு முந்தாமல்,
சூடேற்றிக்கொண்டு.

காலை ஆறு. 35.5.
பதிவேட்டில் மணிக்கொரு முறை பெயரெழுத வேண்டும்.
எனேபிஷ், என்று எழுதுகிறேன்.
அடியில் இருக்கும் படித்தாள்களிலும் விழும்படி
அழுத்தி.