சரவிளக்கு

பஞ்ச வருடத்தில் செத்தவர்கள்
ஒரே குழியில் நூற்றுப் பதினேழு பேர் கிடந்தார்கள்.
பன்னிரண்டு பனிக்காலம் போன பிறகு
ஹொஸ்டாலெக் பிரபுவுக்கு ஓர் எண்ணம் தோன்றியது:
நடனக்கூடத்துக்கு எலும்பில் ஒரு சரவிளக்கு.
மொராவியாவில் வேறு எவரிடமும் இல்லையாம்.

நான் வவ்ரினெக். கம்பி முறுக்குகிறவன்.
ஊர் ஊராகப் போய்
விரிசல் விட்ட சட்டிகளுக்குக் கம்பிவலை பின்னுவேன்.
“மனிதனும் ஒரு சட்டிதானே” என்றார் பிரபு.
நான் சிரித்தேன்.
இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.
சிரித்தேன்; முன்பணத்தையும் வாங்கிக்கொண்டேன்.

சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து
லாயத்துக் கூரையில் உலர்த்தினோம்.
தொடையெலும்புகள் கிளைகளாயின.
முதுகெலும்பு மணிமணியாய்ச் சரமானது.
மண்டையோடுகளில் மெழுகுவர்த்தி நின்றது.
நன்றாக வந்தது. கொடுமையே அதுதான்:
என் கை செய்த வேலைகளில் அதுவே அழகு.

மூன்றாம் வாரம்
முழங்காலுக்குக் கீழே புடைத்த ஒரு கால்
என் மடிக்கு வந்தது.
சிறுவயதில் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்தான் மத்யே.
கட்டுப் போட்டவன் நான்.
கோணலாகப் போட்டேன், கோணலாகவே கூடியது.
என் தம்பி.

நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.
அவன் முனகவில்லை.
கதவுகள் தாமாக அறைந்துகொள்ளவில்லை.
கோட்டை என்றால் பேய் இருக்குமாம்;
இங்கே இருந்தவன் ஒரு கணக்கப்பிள்ளை,
சனிக்கிழமைதோறும் கூலி எண்ணித் தருவான்.
அந்தக் காலை
இடப்பக்கம், மூன்றாம் கிளையில் வைத்து
முறுக்கினேன்.
இறுக்கமாக.

விளக்கேற்றிய இரவு
பட்டு சரசரக்க ஆடினார்கள்.
மூன்றாம் கிளையிலிருந்து ஒரு சொட்டு மெழுகு
ஒரு சீமாட்டியின் வெற்றுத் தோளில் விழுந்தது.
“என்னைத் தொட்டுவிட்டான்!” என்று கிளுகிளுத்தாள்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
கம்பி அவிழும் சத்தம் எனக்குப் பழக்கம்.
அன்று அது என் விலாவுக்குள் கேட்டது.

மாதம் ஒருமுறை கயிற்றைத் தளர்த்தி
விளக்கை இறக்கித் தூசி தட்டுவதும் என் பொறுப்பு.
கசாப்புக்கடை ப்ரோகோப்பிடம் பன்றிக்கால் எலும்பு கேட்டேன்.
“சூப்புக்கா?”
“சூப்புக்குத்தான்.”
மத்யேயைக் கழற்றினேன், பன்றியை முறுக்கினேன்.
அண்ணாந்து பார்த்தார்கள் அத்தனை பேரும்.
ஒருவர் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை.

அடுத்த மாதம் இரண்டு. பிறகு ஐந்து.
கன்றின் விலா, ஆட்டின் தண்டுவடம்.
மண்டைகளைச் சாந்தில் வார்த்தேன்,
தேயிலைத் தண்ணீரில் பழுப்பேற்றினேன்.
கூலி முழுதும் அதற்கே கரைந்தது.
தியாகம் என்று சொல்லாதீர்கள்;
அவர்களைக் கோத்துச் சம்பாதித்த காசு அது.

ஒன்பது வருடம்.
மூட்டை மூட்டையாய் இருட்டில் சுமந்து
பழைய குழியிலேயே இறக்கினேன்.
தெரிந்தவர்களைப் பெயர் சொல்லி.
தெரியாதவர்களை “நீங்கள்” என்று.

பிரபுவுக்கு இப்போது தலை ஆடுகிறது.
இன்றும் விருந்தினருக்குக் கைத்தடியால் காட்டுகிறார்:
“பஞ்சத்தில் செத்த என் குடியானவர்கள்.”
சீமாட்டிகளுக்கு மெய்சிலிர்க்கிறது,
பன்றிகளைப் பார்த்து.
அந்த வருடம் எங்கள் பார்லி எங்கே போயிற்று என்று
யாரும் கேட்டதில்லை.
அவருடைய பட்டிக்குப் போயிற்று.
அங்கே கொழுத்தவற்றின் பேரப்பிள்ளைகள்தாம்
மேலே வெளிச்சம் தாங்குகிறார்கள்.
பஞ்சத்தின் எலும்பு இதுதான், பிரபுவே,
தெரியாமலே சரியாகச் சொல்கிறீர்கள்.

ஒன்று மட்டும் பாக்கி.
நடுச்சரத்தின் நுனியில்
ஒரு குழந்தையின் கை, விரித்தபடி.
அந்த அளவுக்கு எந்த விலங்கும் அமையவில்லை.
முயலைப் பார்த்தேன், வாத்தைப் பார்த்தேன்.

இல்லை. பொய்.
அந்த விளக்கிலேயே
நான் போட்ட மிக நுட்பமான முடிச்சுகள்
அந்த விரல்களில்தான் இருக்கின்றன.
ஒவ்வொரு மாதமும் கயிற்றைத் தளர்த்தி
குறடைக் கையில் எடுக்கிறேன்.
விரல் விரலாய்த் துடைத்துவிட்டு
ஏற்றிவிடுகிறேன்.