முன் பிரேக்

எழுபத்திரண்டாம் வருஷத்து புல்லட்டில்
முன் பிரேக் பிடிப்பது
திங்கட்கிழமை மனு கொடுப்பதைப் போல.
வாங்கிக்கொள்வார்கள். நம்பர்கூடப் போடுவார்கள்.
வண்டி மட்டும்
போய்க்கொண்டேயிருக்கும்.

எனக்குத் தெரியும்.
அந்த நம்பரைப் போடுபவளே நான்தான்,
தர்மபுரி கலெக்டர் ஆபீஸில்
பதினோரு வருஷமாக.

தொப்பூர் இறக்கத்தில் இரண்டு முறை
செருப்பைத் தேய்த்து நிறுத்தியிருக்கிறேன்.
மூன்றாவது ஜோடி வாங்கிய அன்று
பென்னாகரம் ரோட்டில்
திம்மராயனிடம் வண்டியை விட்டேன்.

டிரம்மைத் திறந்தான்.
குனிந்து ஊதப் போன என்னைத் தடுத்து
"லைனிங் தூசி மேடம், நெஞ்சுக்கு ஆகாது"
ஈரத்துணியால் துடைத்தான். கறுத்த மாவு.
உள்ளே தேங்காய்க் கீற்று மாதிரி இரண்டு ஷூ.
ஒன்றுதான் உழைத்திருக்கிறது,
சக்கரம் சுழலும் பக்கம் சாய்ந்து கடிக்கிற ஒன்று.
மற்றது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
சும்மா உரசியே சம்பளம் வாங்கியிருக்கிறது.
"எங்க செக்ஷன் மாதிரியே" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
வாயில் ஸ்பேனர்.

ஓசூர் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி வந்த பிளேட்,
பின்னால் வந்த மாடலுடையது.
இரண்டு ஷூவும் முந்திக் கடிக்கிற வகை.
இரண்டு கேம், நடுவே ஒரு கம்பி.
சூட்சுமம் அந்தக் கம்பியில்.
அரைத் திருகு கூடினால் மேலது முந்தும்,
குறைந்தால் கீழது.
இரண்டும் ஒரே நொடியில் தொட வேண்டுமாம்.
ஷூவுக்குச் சாக்பீஸ் பூசி, சுற்றி, பிடித்து, கழற்றி,
எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்து
அங்கே மட்டும் உப்புத்தாள்.
நான் லிவரைப் பிடித்துப் பிடித்து விட,
அவன் டிரம்மில் காது வைத்திருந்தான்.
"இன்னொரு வாட்டி. மெதுவா."
நாலு மணிக்கு ஆரம்பித்தது.
டீ ஏடு படிந்து
தெருவிளக்கு வந்துவிட்டது.

நாலாயிரத்து முன்னூறு ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை, சேலத்துக்கு.
'நியூட்ரலில் இறங்காதீர்' பலகை தாண்டி
மூன்றாவது கியரில் இறங்குகிறேன்.
வளைவு திரும்பினால்
குறுக்கே ஒரு கிரானைட் லாரி,
டயர் வெடித்து, கல்லோடு கல்லாக.

பிடித்தேன்.
மாடு தண்ணீருக்குக் குனிவதுபோல
ஃபோர்க் அமிழ்ந்தது.
நின்றது.
இடம் மிச்சம் வைத்து நின்றது.
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு தார்ப்பாய் விரிக்கலாம்,
நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால்
ரப்பர் கத்தியது.
பாலக்கோட்டுத் தக்காளி டெம்போ.
என் நம்பர் பிளேட்டுக்கும் அதன் பம்பருக்கும் நடுவே
ஒரு சாண்.
மேல் கிரேட் சரிந்து
ஹெல்மெட்டில், டேங்கில், தார் ரோட்டில்
ஏழெட்டுத் தக்காளி.

டிரைவர் இறங்கி வந்தான், கை நடுங்க.
திட்டத்தான் வந்தான்.
"ஏம்மா, அரதப் பழசு வண்டி,
இது எங்க நிக்கப்போவுதுன்னு
அந்தக் கணக்குலதான வந்தேன்.
பின்னாடி லைட்டும் எரியல."

எரியாது.
பின் பிரேக்கை மிதித்தால்தான் எரியும்.
முன் லிவருக்கு ஸ்விட்ச்சே கிடையாது.
செய்தவர்களே வைக்கவில்லை.
அவர்களும்
அதே கணக்கில்தான் இருந்திருப்பார்கள்.

இருவருமாகப் பொறுக்கினோம்.
நசுங்கியதையெல்லாம் என் பையில் போட்டான்,
காசு கேட்கவில்லை.

மறுநாள் மதியம்,
மனு வரிசை சற்றே மெலிந்த நேரம்
திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
லிவரில் ஒரு ஸ்விட்ச், சீட்டுக்கடியில் ஒரு ஒயர்.
"நூத்தம்பது ரூபா வேலை.
அப்பவே சொல்றதுக்கென்ன மேடம்?"

வரிசையில் அடுத்தவர்
ரசீது ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றார்.
மூன்று வருஷம் மடித்து மடித்து
மடிப்பில் கிழிந்திருந்தது.
நம்பர் என் கையெழுத்து.