லீவா, கேன்சலா?

ஷார்ஜாவில் ரோலாவுக்குப் பின்சந்து.
ஷவர்மாக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே
என் டைப்பிங் சென்டர்.
படிவத்துக்கு இருபது திர்ஹம்.
கைநாட்டென்றால் மைப்பெட்டி இலவசம்.

வேலை போயிற்று என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
கேன்சல் அடிச்சாச்சு என்பார்கள்,
மொட்டை அடித்ததைப் போல,
வெள்ளை அடித்ததைப் போல.
ஏர்போர்ட்டில் பெட்டியோடு நிற்பவனிடம்
ஒரே கேள்விதான்:
லீவா, கேன்சலா?
லீவென்றால் பெட்டியில் டாங் பவுடர் இருக்கும்.
கேன்சலென்றால் தலையணையும் இருக்கும்.

ஆளில்லாத ஒரு மதியம்
அகராதியில் அந்தச் சொல்லைத் தோண்டினேன்.
லத்தீனில் அது கம்பித் தடுப்பாம்,
குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிய கிராதி.
அந்தக்கால எழுத்தர்கள் வேண்டாத வரிமேல்
அப்படித்தான் கோடு இழுத்தார்கள்.
எழுத்து எங்கும் போகவில்லை,
கம்பிக்குப் பின்னால் நின்று
வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
திருவட்டாறு பக்கம் ஜன்னல் கம்பிக்குப் பேரே
அழி.
ரப்பர் செய்வதும் அழி,
திருடனுக்காக வைப்பதும் அழி.
ரோமாபுரிக்கும் எங்களுக்கும்
கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை.
ஏதோ இருட்டில் முட்டிக்கொண்ட இரண்டு சொற்கள்.

இன்று ததேயு வந்தான்.
பன்னிரண்டு வருஷமாகச் சாரம் கட்டுகிறவன்.
குழாய், கிளாம்ப், குழாய், கிளாம்ப்,
முப்பது மாடிக்கு அவன் பின்னிய அழி.
கண்ணாடி பதித்ததும் கழற்றிவிடுவார்கள்.
அதில் அவனுக்கு வருத்தமில்லை,
கழற்றுவதற்கும் ஓவர்டைம் உண்டு.

பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன்
என்ற வரிக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினேன்.
'ரெண்டு மாசத்துக்குள்ளது வரணுமே, அண்ணே.
இத மட்டும் அழிக்க முடியாதா?'
முடியாது. அது அச்சிலேயே வருவது.
போட்டான். நல்ல கையெழுத்து,
கடைசியில் ஒரு சுழி வேறு.

நெட் இன்று குதிரை.
கண்மூடித் திறப்பதற்குள் திரையில் ஒரு பெட்டி:
இவரைக் கேன்சல் செய்யட்டுமா?
கீழே இரண்டு பொத்தான்.
ஓகே.
கேன்சல்.

ஓகேயை அழுத்தினால் ததேயு கேன்சல்.
கேன்சலை அழுத்தினால் ததேயு ஓகே.

அவனும் குனிந்து பார்த்தான்.
'இத எழுதினவன் எங்க போர்மேனுக்குச் சொந்தக்காரனா இருப்பான்' என்றான்.
வரிசையில் நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள்.
சட்டைப்பையிலிருந்து இருபது திர்ஹத்தை எடுத்து
மேசைமேல் நீவி வைத்தான்.

நெட் ஸ்லோ,
கொஞ்சம் உட்காரு
என்றேன்.